ஃபில்டருக்கு வந்த காதுகுத்துப் பத்திரிகை

மெயில் போகவில்லை என்று யாராவது போனில் கத்தினால், கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்க்கிற உங்கள் கை முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ரீஸ்டார்ட் பண்ணப் போகும். அதற்கும் மசியவில்லை என்றால் தேங்கிக் கிடக்கிற மெயிலை எல்லாம் மொத்தமாக அழிக்கப் போகும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இனி உங்களைத் திட்டும் அதிகாரம் கிடையாது. அதனால் ஒரு கதை சொல்கிறேன். திட்டு அதற்குள்ளேயே இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பால் கம்பெனி. சிஸ்டம் செக்‌ஷன் என்று போர்டு மாட்டியிருந்த அறையில் நானும் பிரகாஷும்தான். பிரகாஷ் கெட்டிக்காரன், கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு இருப்பவன். ஆனால் ஒரு மிஷின் மக்கர் பண்ணினால் அதைச் சும்மா நின்று பார்க்க மட்டும் அவனால் முடியாது. ஏதாவது ஒன்றை அமுக்கியாக வேண்டும். லிஃப்ட் வரத் தாமதமானால்கூட எல்லாப் பட்டனையும் அமுக்குகிற ஜாதி.

கம்பெனியின் நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்று வட்டாரப் பால் எல்லாம் தியாகதுருகம், மணலூர்பேட்டை என்று அங்கங்கே இருக்கும் குளிரூட்டும் சென்டர்களுக்கு வரும். சென்டரில் பாலைச் சோதித்து, முடிவை எங்கள் லேபுக்கு மெயிலில் அனுப்புவார்கள். லேபில் பார்த்துவிட்டு ‘ஏற்றலாம்’ என்று பதில் மெயில் போடுவார்கள். அதை அச்செடுத்து டேங்கர் டிரைவர் கையில் கொடுத்தால்தான் டேங்கரின் மூடி திறக்கும். போனில் சொன்னால் செல்லாது. ஒரு தடவை யாரோ போனில் ‘ஏத்திக்கோ’ என்று சொல்லி, ஒரு டேங்கர் நிறையப் புளித்த பால் ஃபாக்டரி வாசலில் வந்து நின்றது. சொன்னது யார் என்று கேட்டபோது கம்பெனியில் ஒருவருக்கும் போன் பேசுகிற பழக்கமே இல்லை என்று தெரியவந்தது. அன்றிலிருந்து மெயில்தான் சட்டம்.

அந்த மெயில்கள் எல்லாம் ஒரு ஃபில்டர் வழியாகப் போகும். அது செக்போஸ்ட் மாதிரி. ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும். ஒரே ஆள் கும்பலாக அனுப்பினால் இது ஸ்பேம் என்று ஓரமாக நிறுத்திவிட்டு, ‘உங்கள் மெயிலை நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்று அனுப்பினவருக்கு ஒரு தகவல் அனுப்பும். மரியாதை தெரிந்த ஃபில்டர்.

அப்போதுதான் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் புதிதாக ஒரு சென்டர் திறந்திருந்தார்கள். சோதனைக்காகத் திறந்தது. அதற்கு முன்னால் மலைக்காரர்களின் பாலுக்கு ஒழுங்கான வியாபாரமே கிடையாது. யாராவது பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினால் உண்டு, மழை பெய்தால் அதுவும் இல்லை. சென்டரைப் பார்த்துக்கொண்டவள் செல்வி, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். வீடு வீடாகப் போய்ப் பேசி, மாடு வைத்திருக்கும் பெண்களை எல்லாம் சென்டருக்கு வரவழைத்தவள் அவள்தான். மேனேஜருக்கு அந்த சென்டரே பிடிக்கவில்லை. மலைப்பாதையில் டேங்கரை ஏற்றி இறக்குவது பெரிய பாடு என்பார். ஒரு நாள் பால் கெட்டால் போதும், மூடிவிடலாம் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் செல்வியிடமிருந்து போன் வந்தது. அவள் சென்டரில் மெயிலுக்கு டிஷ் ஆண்டெனா உண்டு, ஆனால் செல்போன் எடுக்காது. கொஞ்சம் இறங்கி ரோட்டு வளைவுக்கு வந்தால்தான் எடுக்கும். குடையில் மழை விழுகிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது.

“அக்கா, லேப்ல இருந்து இன்னும் மெயிலு வரல. இங்க கரண்டு இல்ல, ஜெனரேட்டருலதான் கூலிங் மிஷினு ஓடிக்கினு இருக்குது. டீசலு மத்தியானம் வரிக்கும் தாங்குனா ஜாஸ்தி. டேங்கரு வந்து நிக்குது, டிரைவரு பேப்பர் இல்லாம ஏத்த மாட்டேன்றாரு.”

“லேப்ல கேட்டியா?”

“அனுப்பிட்டோம்ன்றாங்க அக்கா. எனக்கு வரல. இன்னிக்கு பாலு கெட்டுச்சுன்னா சென்டர மூடிடுவாங்க. இவங்ககிட்ட நான் இன்னா சொல்றது?”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

சர்வரைத் திறந்து பார்த்தால் வரிசையில் மெயில் மலைபோல் கிடந்தது. லேபின் மெயில் மட்டுமில்லை, எல்லாச் சென்டருக்கும் போக வேண்டியது எல்லாம் அதற்குள்தான். மற்ற சென்டர்களில் கரண்டு இருந்ததால் அவர்கள் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் மேடம்” என்றான் பிரகாஷ். முகத்தில் அத்தனை பெருமை.

“எப்போ?”

“நீங்க போன்ல பேசிக்கினு இருந்தப்ப.”

ரீஸ்டார்ட் பண்ணினால் ஃபில்டர் பாதி பார்த்ததை மறந்துவிட்டு மறுபடியும் முதல் மெயிலிலிருந்து ஆரம்பிக்கும். பந்தியில் பாயசம் வரை வந்தவர்களை எழுப்பிவிட்டு, திரும்ப உட்காரவைத்து உப்பு வைப்பதிலிருந்து தொடங்கின மாதிரி. பிரகாஷின் நாற்காலியைக் கீபோர்டிலிருந்து தள்ளிப் போட்டேன். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். முதலில் வரிசையில் என்ன நிற்கிறது, யார் அனுப்பினது என்று பாருங்கள். மிஷின் எங்கேயும் ஓடிப்போகாது.

பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் மேனேஜர் தனவேல் அய்யா அனுப்பினது. தலைப்பு, ‘காதணி விழா அழைப்பிதழ்’.

பேத்திக்குக் காதுகுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மதிப்பு இல்லை, தெருவில் நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. ஆபீஸ் மெயிலில் போனால்தான் ஒரு கெத்து. அதுவும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மெயில் போட்டுவிட முடியுமா? யார் பெயர் முதலில் இருக்கிறது, யார் பெயர் ஏஜெண்டுக்குக் கீழே போய்விட்டது என்று அதிலேயே இரண்டு பேர் முறைத்துக்கொள்வார்கள். அதனால் ஆபீஸ், ஏஜெண்டு, டீலர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் போட்டு, ‘குடும்பத்துடன்’ சேர்த்து அனுப்பியிருந்தார். கூடவே பத்திரிகையின் படம். ஸ்டுடியோக்காரன் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்த அதே ஃபைலைச் சுருக்காமல் மெயிலுக்குள்ளேயே அப்படியே ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றையும் பிரித்து, அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கடைசிப் புள்ளி வரை சோதித்துக்கொண்டிருந்தது எங்கள் ஃபில்டர்.

சரி, இவ்வளவு பேருக்கு அனுப்பினால் தேங்கத்தான் செய்யும், கொஞ்ச நேரத்தில் குறையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறையவில்லை. ஏறிக்கொண்டே போனது. எனக்கு அதுதான் உறுத்தியது. மனுஷன் லீவில் இருக்கிறார், இப்போது யார் அனுப்பிக்கொண்டிருப்பது?

போய்ச் சேர வேண்டிய முகவரியைப் பார்த்தேன். அது ஃபில்டரின் முகவரி.

லீவில் போகும்போது அய்யா ஆட்டோ ரிப்ளை போட்டுவிட்டுப் போயிருந்தார். ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்று நாம் போடுகிறோமே, அது. அவர் அதிலும் பத்திரிகையை இணைத்துவிட்டார். தன் கணக்கில் விட்டுப்போனவர்கள் யாராவது இந்த நேரத்தில் மெயில் போட்டால் அவர்களுக்கும் பத்திரிகை போய்விடும், ஒருத்தர்கூடப் பாக்கி இருக்க மாட்டார்கள் என்பது ஏற்பாடு. நம்ம ஊரில் மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது. ஃபில்டர் என்ன செய்தது? இது ஸ்பேம் என்று நிறுத்திவிட்டு அவருக்குத் தகவல் அனுப்பியது. தகவல் வந்ததும் ஆட்டோ ரிப்ளை ஃபில்டருக்கு ஒரு பத்திரிகை வைத்தது. ஃபில்டர் அதைப் பிரித்து, குழந்தையின் கன்னத்தைச் சோதித்து, ஸ்பேம் என்று நிறுத்தி, மரியாதையாக மறுபடியும் தகவல் அனுப்பியது. அதற்கும் ஒரு பத்திரிகை. விடிந்ததிலிருந்து இந்த உபசரிப்பு நடந்துகொண்டிருந்தது. என் சொந்தத் தாய்மாமனை யாரும் இத்தனை தடவை கூப்பிட்டதில்லை.

“ஃபில்டர தூக்கிட்டு எல்லாத்தையும் நேரா வுட்டுடலாமா மேடம்?” என்றான் பிரகாஷ்.

கூடாது என்றேன். வரிசைக்குள் ‘உங்கள் கூரியர் பார்சல் காத்திருக்கிறது’ என்று நிஜமான வைரஸ் மெயில்களும் சில நின்றுகொண்டிருந்தன. எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு சார் உண்டு. எது வந்தாலும் திறப்பார். பார்சல் ஆர்டர் பண்ணவில்லையே சார் என்றால், யாராவது ஆசையா அனுப்பியிருக்கலாம் இல்லையா என்பார்.

“அப்ப அய்யா மெயிலு எல்லாத்தையும் அழிச்சிடலாம். காதணி விழான்னு தலைப்புல தேடினா ஒரே தட்டுல போயிடும்.”

இதற்குத்தான் நான் கொஞ்சம் யோசித்தேன். வரிசை சட்டென்று காலியாகும், செல்விக்கு மெயில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அதில் ஏஜெண்டுக்குப் போகிற நிஜமான பத்திரிகையும் இருக்கிறது. பத்திரிகை வரவில்லை என்பது நம் பக்கத்தில் சின்ன விஷயமா? எங்கள் சித்தப்பா வீட்டுப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனதற்காக என் அம்மா சாகும்வரை அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு கம்பெனி முழுவதையும் சித்தப்பா வீடாக மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. முதலில் அய்யாவைக் கேட்போம் என்று போன் போட்டேன்.

அவர் மணலூர்பேட்டையில் சொந்தக்காரர்களுக்கு நேரில் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ ஒரு வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம்.

“இன்னாம்மா கஸ்தூரி, பத்திரிகை வந்துச்சா?”

“வந்துச்சுங்க அய்யா. அதப்பத்திதான். உங்க ஆட்டோ ரிப்ளையக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கறேன்.”

“ஏம்மா? யாருக்காவது போகாம வுட்டுடப் போவுது.”

“எல்லாருக்கும் போறத விட ஃபில்டருக்குத்தாங்க அய்யா ஜாஸ்தி போய்க்கினு இருக்குது.”

“ஃபில்டரா? அவரு எந்த செக்‌ஷன்?”

“நம்ம செக்‌ஷன்தாங்க அய்யா. காலையில இருந்து அவருக்கு மட்டும் ஆயிரக்கணக்குல பத்திரிகை போயிருக்குது.”

மிக்ஸி சத்தம் இல்லாத பக்கமாக நகர்ந்து வந்தார். பிறகு, “அவரு ஒண்ணும் தப்பா நினைச்சிக்கலியே?” என்றார்.

“இல்லீங்க. ஆனா வேற வேலை எதையும் பார்க்க முடியலன்றாரு.”

“அப்ப நிறுத்திக்கம்மா. ஆனா ஏற்கெனவே அனுப்பினது ஒண்ணுகூட அழியக் கூடாது. ஒருத்தருக்குப் போயி ஒருத்தருக்குப் போகலன்னா என் தலை உருளும்.”

ஆட்டோ ரிப்ளையை நிறுத்தினேன். அவர் பெயரில் இருந்ததை எல்லாம் அழிக்காமல் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன், சாவகாசமாகப் போகட்டும் என்று. வரிசை மளமளவென்று நகர்ந்தது. தியாகதுருகத்துக்குப் போனது, மணலூர்பேட்டைக்குப் போனது. அங்கெல்லாம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வேலையைப் பார்த்திருப்பார்கள்.

வெள்ளிமலைக்கு மட்டும் போகவில்லை.

செல்வி மறுபடியும் வளைவுக்கு இறங்கி வந்து கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. “டீசலு அடிக்குப் போயிடுச்சி அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய முகவரியை வைத்துத் தேடினேன். அவளுக்கென்று ஒரே ஒரு மெயில்தான் இருந்தது. அதுவும் ஸ்பேம் என்று பிடித்து வைத்திருந்த கூட்டத்தில். அனுப்பினது லேப். தலைப்பு, ‘காதணி விழா அழைப்பிதழ்’.

“லேப் சாரும் பத்திரிகை அனுப்பறாரு மேடம்” என்றான் பிரகாஷ். “இதையாவது அழிச்சிடலாம்.” நாற்காலியை எப்போது முன்னால் இழுத்துக்கொண்டு வந்தான் என்று தெரியவில்லை, விரல் பட்டனுக்கு மேலேயே இருந்தது.

“கைய எடு.”

லேபுக்குப் போன் பண்ணினேன். லேப் இன்சார்ஜ் ராமலிங்கம் சார் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் மூக்காலேயே கண்டுபிடிப்பார். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் அதற்கு முதுகு காட்டி உட்காருவார்.

“சார், வெள்ளிமலைக்கு அப்ரூவல் அனுப்பினீங்களா?”

“அப்பவே அனுப்பிட்டேம்மா. பாலு சுத்தமா கீது.”

“எப்படி அனுப்பினீங்க?”

“எப்பவும் அனுப்பற மாதிரிதான். மேல இன்னா மெயிலு இருக்குதோ அதத் தொறந்து, ஃபார்வேர்ட அமுக்கி, அட்ரஸப் போட்டு, அது மேலயே எழுதிடுவேன். புது மெயிலு எங்க தொறக்கறதுன்னு யாரு தேடிக்கினு இருக்கறது? கீழ இருக்கற தலைப்பு, படம் எல்லாம் கூடவே போவுது, போவட்டுமே. எதை அமுக்கினா இன்னா, போனா சரி.”

அன்றைக்கு அவருக்கு மேலே இருந்த மெயில் எது என்று நான் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. அந்தக் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகைக்குத் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது கல்வராயன் மலையின் பால். ஃபில்டருக்கு அது ஆயிரத்தோடு இன்னொன்று. நாங்கள் தலைப்பை வைத்து ஒரே தட்டில் அழித்திருந்தால் அதோடு அந்த சென்டரும் போயிருக்கும். பிரகாஷுக்கு அது புரிந்தபோது விரலை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்த ஒரு மெயிலை மட்டும் எடுத்து நேராக அனுப்பினேன். இதற்குப் பிறகு நடந்ததைச் செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அச்செடுத்துக் கொண்டுபோய் டிரைவர் கையில் கொடுத்திருக்கிறாள். பிரிண்டரில் இருந்த கடைசிச் சொட்டு மையையும் குழந்தையின் பட்டுப்பாவாடை குடித்துவிட்டிருந்தது. டிரைவர் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இது காதுகுத்துப் பத்திரிகைமா.”

“ஆமாண்ணா. மேல பாருங்க.”

“மேல புள்ளையார் இருக்குது.”

“அதுக்கும் மேலண்ணா.”

பிள்ளையாருக்கும் மேலே, ‘பால் சரியாக உள்ளது, ஏற்றலாம்’ என்று இருந்தது. டிரைவர் அதைப் படித்துவிட்டு, “இன்னாத்த கம்பெனியோ. நாளைக்கு மஞ்சத்தண்ணி விழாவுக்கும் டேங்கர எடுத்துக்கினு வரச் சொல்லுவாங்க” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாராம். டேங்கர் நிறைந்த கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் இருமி நின்றுவிட்டது.

பால் கெடாமல் வந்து சேர்ந்தது என்று லேபிலிருந்து சொன்னபோது என் கண் கலங்கிவிட்டது. உடனே செல்வியைக் கூப்பிட முடியாது, அவளே சாயங்காலம் வளைவுக்கு வந்து கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

“அக்கா, ஒரு டவுட்டு. இந்தப் பத்திரிகை லேப் சாரு பேருலதான எனக்கு வந்துகீது. மேனேஜர் அய்யா எனக்குன்னு எதுவும் அனுப்பலயே. அப்ப நான் போலாமா, போவக் கூடாதா?”

நான் சர்வரில் போய்த் தேடிப் பார்த்தேன். ஏஜெண்டு, டீலர், தீவன வண்டிக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லோருக்கும் இருந்தது. ஃபில்டருக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. வெள்ளிமலைக்கு இல்லை. சோதனைக்குத் திறந்த சென்டர் என்பதால் அதன் முகவரியை ஆபீஸ் மெயில் பட்டியலில் யாரும் சேர்க்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு பெண்ணை விட்டுவிட்டு ஒரு மிஷினைப் போய் வருந்தி வருந்தி அழைத்திருக்கிறோமே என்று கோபமும் வந்தது.

அந்தக் கோபத்தோடேயே அய்யா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். மலையில் எல்லோரும் பத்திரிகையின் படத்தைப் பார்த்துவிட்டார்கள், தங்களை மட்டும் கூப்பிடவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள் என்றேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பால் கெட்டிருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

மறுநாளே தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறிவிட்டார். மூடவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த சென்டரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். செல்விக்கு வைத்தார். பால் ஊற்ற வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள், அவர்களை விட முடியுமா? ஒவ்வொருவர் வீடாகப் போய் வைத்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கினார். காதுகுத்துக்கு அவர்கள் எல்லோரும் வந்தார்கள். தேனும் தினையும் கொண்டுவந்து வரிசை வைத்தார்கள், குழந்தையை மடியில் வாங்கிக் கொஞ்சினார்கள். நானும் போயிருந்தேன். ஃபில்டர் வேலை இருந்ததால் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் சென்டர்களைப் பற்றிய கூட்டம். ப்ரொஜெக்டர் மாட்ட நான் உள்ளே இருந்தேன். விற்பனைப் பிரிவுத் தலைவர், வெள்ளிமலை சென்டரை மூடுவதாக எழுதிக்கொள்ளலாமா சார், நீங்கள் போன மாசமே சொன்னதுதானே என்று கேட்டார்.

“சொன்னேன்” என்றார் அய்யா. “போன மாசம் அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. இப்ப வூடு வூடா போயி வெத்தலை பாக்கு வச்சிட்டு வந்துட்டேன். அவங்களும் வந்து என் பேத்திக்கு முறை செஞ்சிட்டுப் போயிட்டாங்க. இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கினு அங்க போயி பூட்டு போடறது?”

அந்த அறையில் எல்லோரும் பத்திரிகை வாங்கினவர்கள், எல்லோருக்கும் அது புரிந்தது. விற்பனைப் பிரிவுத் தலைவர் எழுதினதை அடித்துவிட்டு, “அப்ப ஜெனரேட்டருக்கு டீசல் கொஞ்சம் கூட்டி அனுப்பச் சொல்லிடறேன் சார்” என்றார்.